நியாயப்பிரமாணமும் கிருபையும்: எது முதலில்?
வாசகர் கேள்வி பதில்

“கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்” என்ற எபேசியர் 2:8-க்குச் சென்ற இதழில் எழுதிய விளக்கத்தைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தமையால், இந்த மாதம் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, நியாயப்பிரமாணத்துக்கும் கிருபைக்கும் உள்ள உறவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். காரணம் கடைசிக் கடிதத்தைப் படித்தால் விளங்கும். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தாண்டிருக்கிறேன். கத்தோலிக்க வாசகர்கள் நியாயப்பிரமாணம் என்பதைத் திருச்சட்டம் என்றும், கிருபை என்பதை அருள் என்றும், இரட்சிப்பு என்பதை மீட்பு என்றும் வாசித்துக்கொள்ள வேண்டுகிறேன். கற்பனை என்ற சொல் இங்கே கட்டளையைக் குறிக்கிறது என்பதைப் புதிய வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். அதைப் புனைவு என்று பொருள்கொண்டு எழுதப்பட்ட கடிதம் ஒன்றும் முன்பு வந்ததுண்டு.

கேள்வி: நியாயப்பிரமாணத்தைக் கொடுத்தவர் தேவன். அதைக் கைக்கொள்ளுகிறவன் அதனால் இரட்சிக்கப்பட முடியாது என்றால், அவர் அதை ஏன் கொடுத்தார்? நிறைவேற்ற முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, நிறைவேற்றவில்லை என்று தண்டிப்பது நியாயமா?

பதில்: யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து, பத்துக் கற்பனைகள் எந்த இடத்தில் தொடங்குகின்றன என்று பாருங்கள். நம்மில் பலர் சிறுவயதில் மனப்பாடம் செய்தது “என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்” என்ற 3-ஆம் வசனத்திலிருந்துதான். அதற்கு முந்தைய வசனமோ, “உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே” என்கிறது. யூத மரபில் பத்து வார்த்தைகளை எண்ணும்போது இந்த வசனத்தையே முதல் வார்த்தையாகக் கொள்கிறார்கள். அதில் கட்டளை எதுவும் இல்லை. நடந்து முடிந்த ஒரு விடுதலையைப் பற்றிய அறிவிப்பு மட்டுமே இருக்கிறது.

12-ஆம் அதிகாரத்தில் பஸ்கா, 14-ஆம் அதிகாரத்தில் சமுத்திரத்தைக் கடத்தல், 19-ஆம் அதிகாரத்தில்தான் சீனாய் மலை என்ற இந்த வரிசையை நாம் கவனிக்கத் தவறுவதிலிருந்துதான் உங்கள் கேள்வியில் உள்ள சிக்கல் பிறக்கிறது. கற்பனைகளைக் கைக்கொள்வதே விடுதலைக்கு விலை என்றிருந்தால், மோசே கற்பலகைகளை எகிப்துக்கே கொண்டுபோய், இவற்றை இத்தனை ஆண்டுகள் பிழையின்றிக் கைக்கொள்ளுங்கள், பிறகு பார்வோனிடம் பேசலாம் என்று செங்கல் சூளையில் நின்றவர்களிடம் சொல்லியிருக்கவேண்டும். அப்படி நடக்கவில்லை. விடுதலையாக்கப்பட்ட ஜனம் இனி எப்படி வாழவேண்டும் என்று காட்டவே நியாயப்பிரமாணம் கொடுக்கப்பட்டது. ‘தோரா’ என்ற எபிரெயச் சொல்லுக்கே போதனை, வழிகாட்டல் என்பதுதான் முதற்பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ‘நோமோஸ்’ ஆகி, தமிழில் நியாயப்பிரமாணமாகி நம் கைக்கு வந்து சேரும்போது, தகப்பனின் குரல் ஒலித்த இடத்தில் நீதிமன்றத்தின் வாடை ஏறிவிட்டது. 119-ஆம் சங்கீதம் 176 வசனங்களில் இந்தத் தோராவையே புகழ்ந்து பாடுகிறது. தன்னால் சுமக்க முடியாத ஒன்றைப் பற்றி எவரும் அவ்வளவு நீளமாகப் பாடமாட்டார்.

அப்படியானால் அது ஏன் இரட்சிக்கவில்லை? ஆமோஸ் 7-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கையில் தூக்குநூலோடு ஒரு மதிலின்மேல் நிற்கிற தரிசனம் வருகிறது. கொத்தனார் தூக்குநூலைத் தொங்கவிட்டுப் பார்க்கும்போது சுவர் இரண்டு அங்குலம் சாய்ந்திருப்பது தெரியவந்தால், அந்தச் சாய்வைத் தூக்குநூல் உண்டாக்கவில்லை. அதை நிமிர்த்தும் ஆற்றலும் தூக்குநூலுக்கு இல்லை. இதனால் தூக்குநூலில் குறை என்று எவரும் சொல்வதில்லை. “நியாயப்பிரமாணம் பரிசுத்தமுள்ளதுதான்” என்று ரோமர் 7:12-இல் அடித்துச் சொல்லும் அதே பவுல், “பாவத்தை அறிகிற அறிவு நியாயப்பிரமாணத்தினால் வருகிறபடியால், எந்த மனுஷனும் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலே தேவனுக்கு முன்பாக நீதிமானாக்கப்படுவதில்லை” என்று ரோமர் 3:20-இல் எழுதுவது இதனால்தான். அவரையே மடக்கியது பத்தாவது கற்பனை. கொலை, களவு, விபசாரம் எல்லாம் கையால் செய்பவை. செய்யாமல் இருந்துவிட்டேன் என்று ஒருவர் நெஞ்சைத் தட்டிக்கொள்ளலாம். “இச்சியாதிருப்பாயாக” என்ற கட்டளையோ கையைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடுகிறது. ரோமர் 7:7-இல் எல்லாக் கற்பனைகளையும் விட்டுவிட்டுப் பவுல் அதை மட்டும் எடுத்துக்காட்டுகிறார்.

தண்டிப்பது நியாயமா என்று கேட்டீர்கள். நியாயப்பிரமாணத்துக்குள்ளேயே பாவநிவாரண பலிகளும், லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் ஆண்டுதோறும் வரும் பாவநிவாரண நாளும் இருக்கின்றன என்பதை நினைத்துப்பாருங்கள். மீறுவார்கள் என்பதை எதிர்பார்த்தே எழுதப்பட்ட சட்டம் அது. மோசே மலையிலிருந்து இறங்குவதற்குள் கன்றுக்குட்டி வார்க்கப்பட்டுவிட்டது. முதல் பலகைகள் உடைந்தன. இரண்டாம் முறை கற்பனைகள் எழுதப்படுவதற்கு முன் (யாத்திராகமம் 34:6) கர்த்தர் அவனுக்கு முன்பாகக் கடந்துபோய் அறிவித்தது, தாம் இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்பதையே. இஸ்ரவேலர் பெட்டியில் சுமந்து திரிந்தது இந்த இரண்டாம் பலகைகளைத்தான்.

கேள்வி: கலாத்தியர் 3:24-இல் நியாயப்பிரமாணம் கிறிஸ்துவினிடத்தில் வழிநடத்துகிற ‘உபாத்தி’ என்று வருகிறது. உபாத்தி என்றால் ஆசிரியர்தானே? ஆசிரியரைப் போகச் சொல்லிவிட்டால் பாடம் என்னாவது?

பதில்: இந்த ஒரு சொல்லில் நம் மொழிபெயர்ப்பு வாசகரைச் சற்றுத் திசைதிருப்பிவிடுகிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘பைதகோகோஸ்’; பிள்ளையை அழைத்துச் செல்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். அன்றைய வசதியுள்ள குடும்பங்களில் இந்த வேலைக்கென்று ஓர் அடிமை இருப்பான். சிறுவனைப் பள்ளிக்குக் கூட்டிப்போவதும், அவன் பொருள்களைச் சுமந்து செல்வதும், தெருவில் கண்டவரோடு சேராமல் பார்த்துக்கொள்வதும், சாப்பிடும் முறை முதல் உட்காரும் முறை வரை திருத்துவதும், தேவைப்பட்டால் கோலை எடுப்பதும் அவன் பொறுப்பு. பாடம் சொல்லிக்கொடுப்பவர் வேறு. அவருக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு. சிறுவன் உரிய வயதை எட்டியதும் இந்த அடிமையின் அதிகாரம் முடிந்துவிடும். “விசுவாசம் வந்தபின்பு நாம் உபாத்திக்குக் கீழானவர்களல்லவே” என்று அடுத்த வசனம் சொல்வது அந்த முடிவைத்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கிறிஸ்துவினிடத்தில் வழிநடத்துகிற’ என்று நாம் வாசிக்கும் இடத்தில், ‘கிறிஸ்து வரும்வரை’ என்றும் பொருள்கொள்ள மூலம் இடந்தருகிறது. நிருபத்தின் போக்கைப் பார்த்தால் இரண்டாவது பொருளே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் அந்த அதிகாரம் முழுவதும் பவுல் காலக்கணக்கில்தான் வாதாடுகிறார். ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம் கொடுக்கப்பட்டது முன்னே. நியாயப்பிரமாணம் வந்தது 430 ஆண்டுகளுக்குப் பின்னே. பின்னே வந்தது முன்னே எழுதப்பட்ட உடன்படிக்கையைத் தள்ளிவிடாது என்பது 17-ஆம் வசனத்தின் வாதம். சொத்து வழக்கு நடத்தியவர்களுக்கு இந்த வாதத்தின் வலிமை உடனே விளங்கும்.

பாடம் என்னாவது என்று கேட்டீர்களே, வளர்ந்த மகன் கோலுக்குப் பயப்படுவதை நிறுத்துகிறான். கற்ற ஒழுக்கத்தை வீசிவிடுவதில்லை. “அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்” என்ற சொற்றொடர் இதே நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

கேள்வி: பவுல் கிரியைகளில்லாமல் விசுவாசத்தால் என்கிறார், யாக்கோபு விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிறார். இருவருமே ஆபிரகாமைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இந்தக் கேள்வியில் தடுமாறியவர்களின் வரிசையில் மார்ட்டின் லூத்தரும் இருக்கிறார். 1522-இல் வெளியான தமது ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அவர் யாக்கோபின் நிருபத்தை ‘வைக்கோல் நிருபம்’ என்று எழுதினார். பிந்தைய பதிப்புகளில் அந்தச் சொற்றொடர் இடம்பெறவில்லை. அதே மொழிபெயர்ப்பில் ரோமர் 3:28-இல், மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லைச் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஜெர்மன் மொழியின் இயல்பு அதைக் கேட்கிறது என்று 1530-இல் அவர் பதில் எழுதினார். நம் தமிழ் வேதாகமத்தில் அந்த வசனத்தைப் பாருங்கள்: “விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான்.” லூத்தர் ஒரு சொல்லைச் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொண்டதை, நம் மொழிபெயர்ப்பாளர்கள் பிரிநிலை ஏகாரம் ஒன்றால் சத்தமில்லாமல் செய்துமுடித்துவிட்டார்கள்.

இப்போது ஆபிரகாமிடம் வருவோம். ஆபிராம் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார் என்பது ஆதியாகமம் 15:6. அவன் ஆரானைவிட்டுப் புறப்பட்டது 75 வயதில். இஸ்மவேல் பிறந்தது 86 வயதில். 15-ஆம் அதிகாரம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. விருத்தசேதனம் நடந்தது 99 வயதில். நீதியாக எண்ணப்பட்டபோது அவன் விருத்தசேதனம் பெற்றவனாயிருந்தானா, பெறாதவனாயிருந்தானா என்று ரோமர் 4:10-இல் பவுல் கேட்கும்போது, குறைந்தது 13 ஆண்டு இடைவெளியை அவர் மனத்தில் வைத்துக் கேட்கிறார். சடங்கு வந்தது பிறகு, ஏற்றுக்கொள்ளப்பட்டது முன்பே.

யாக்கோபு எடுத்துக்கொள்வது ஆதியாகமம் 22-ஐ, அதாவது ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்திய நிகழ்ச்சியை. 100 வயதில் பிறந்த மகன் விறகு சுமக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்ட பிறகு நடந்தது அது. 15:6-ஐ யாக்கோபும் மேற்கோள் காட்டுகிறார். பல ஆண்டுகளுக்குப் பிந்தைய செயலில் அந்த வசனம் ‘நிறைவேறிற்று’ என்கிறார். ஒருவர் மரம் நட்ட நாளைப் பேசுகிறார். மற்றவர் அது காய்த்த நாளைப் பேசுகிறார். பவுலுக்கு எதிரில் நின்றவர்கள், விருத்தசேதனம் இல்லாமல் புறஜாதியார் உள்ளே வரக்கூடாது என்றவர்கள். யாக்கோபுக்கு எதிரில் நின்றவர்களோ, உடுக்க உடையும் அன்றாட ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து, சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறவர்கள். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு சொல்லும் அந்த விசுவாசத்தை, பவுல் விசுவாசம் என்றே ஏற்றுக்கொண்டிருக்கமாட்டார். ஒரே சொல்லை இருவரும் இருவேறு பொருளில் ஆள்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டால், முரண்பாட்டில் பெரும்பகுதி கரைந்துவிடும். முழுவதும் கரையும் என்று நான் சொல்லவில்லை. யாக்கோபின் வசனத்தில் ஒரு முள் இருக்கிறது, அது இருக்கவேண்டும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: கிருபை இலவசம் என்றால், விரும்பியபடி வாழ்ந்துவிட்டுக் கடைசியில் மன்னிப்புக் கேட்டால் போதுமே என்கிறார் என் நண்பர். சிலுவையில் தொங்கிய கள்ளன் அப்படித்தானே பரதீசுக்குப் போனான் என்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: உங்கள் நண்பர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. “கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?” என்று ரோமர் 6:1-இல் இந்தக் கேள்வியைப் பவுலே எழுப்பிவிட்டு, கூடாதே என்கிறார். கிருபையை உரக்கப் பிரசங்கித்த லூத்தரே, மனந்திரும்புதலைப் பிரசங்கிக்க நியாயப்பிரமாணம் தேவையில்லை என்று போதித்த தம் நண்பர் யோகான் அக்ரிகோலாவை எதிர்த்து, 1537-இல் தொடங்கிப் பல தர்க்கங்களை நடத்தவேண்டி வந்தது. 400 ஆண்டுகள் கழித்து, அதே லூத்தரன் சபையின் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பைப் பிரசங்கிப்பதை ‘மலிவான கிருபை’ என்று 1937-இல் கண்டித்து எழுதினார். 1945 ஏப்ரலில் நாஜி ஆட்சி அவரைத் தூக்கிலிட்டது. அவர் எதை விலையுயர்ந்த கிருபை என்றாரோ, அதன் விலை அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மத்தேயு 18-இல் வரும் கடன்பட்ட ஊழியக்காரனின் உவமையை ஒருமுறை கணக்குப்போட்டுப் பாருங்கள். அவன் ராஜாவுக்குக் கொடுக்கவேண்டியது 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. ஓய்வே இல்லாமல் உழைத்தாலும் 1,64,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கு தீர்க்கப்பட்டு வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டிய உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். நூறு நாள் கூலி சிறிய தொகை என்று சொல்வதற்கில்லை. அவன் கேட்டது சட்டப்படி நியாயமும்கூட. ஆனால் தனக்கு என்ன நடந்தது என்பது அவனுக்குள் இறங்கவே இல்லை என்பதை அந்தப் பிடி காட்டிக்கொடுத்துவிடுகிறது. ராஜாவிடமிருந்து அவன் எடுத்துக்கொண்டது கடன் ரத்தை மட்டுமே. உங்கள் நண்பர் கேட்பதும் அதைத்தான்.

கள்ளனைப் பற்றி ஒரு சொல். “நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்” என்று தன்மேலான தீர்ப்பை ஒப்புக்கொண்டு, மற்றக் குற்றவாளியைக் கடிந்துகொண்டு, அதன் பிறகே அவன் இயேசுவிடம் பேசுகிறான். மேலும், அன்று காலையில் தனக்கு அப்படியொரு வாய்ப்புக் கிடைக்கும் என்று அவன் திட்டமிட்டிருக்கவில்லை. திட்டமிடுகிறவர் உங்கள் நண்பர்தான்.

கேள்வி: பன்றி இறைச்சி, ஓய்வுநாள், இருவகை நூல் கலந்த ஆடை முதலிய கட்டளைகளில் எவற்றை இன்று கைக்கொள்ளவேண்டும்?

பதில்: நியாயப்பிரமாணத்தை ஒழுக்கநெறி, சடங்கு, நீதிமுறை என்று மூன்றாகப் பிரித்து, முதலாவது மட்டும் என்றும் நிலைக்கும் என்று தாமஸ் அக்குவினாஸ் முதல் 1647-ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை வரை போதித்திருக்கிறார்கள். பயனுள்ள பிரிவுதான், ஆனால் மோசேயின் ஆகமங்கள் தாமாக அப்படிக் கோடு கிழிப்பதில்லை. லேவியராகமம் 19:18-இல் “உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக”. அடுத்த வசனத்திலேயே கலப்பு நூல் ஆடை. ஆகவே அப்போஸ்தலர் 15-ஐ அளவுகோலாகக் கொள்வதே எனக்குச் சரியென்று படுகிறது. ஏறத்தாழ கி.பி. 49-இல் எருசலேமில் கூடிய அந்தச் சங்கம், புறஜாதி விசுவாசிகளின்மேல் விருத்தசேதனத்தைச் சுமத்தாமல், விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கை மட்டும் விலக்கச் சொன்னது. அங்கே பேதுரு சொன்ன ஒரு வாக்கியத்தின் திருப்பம் கவனிக்கத்தக்கது. யூதர்களாகிய எங்களைப்போல அவர்களும் இரட்சிக்கப்படுவார்கள் என்று அவர் சொல்லவில்லை; கிருபையினாலே அவர்கள் இரட்சிக்கப்படுகிறது எப்படியோ, அப்படியே நாமும் இரட்சிக்கப்படுவோம் என்கிறார். நாளைப் பற்றிய வேறுபாடுகளுக்கு ரோமர் 14:5-ஐப் பாருங்கள்.

கேள்வி: கத்தோலிக்கர் நற்செயல்களால் இரட்சிப்பு என்று நம்புகிறார்கள், நாம் கிருபையால் என்று நம்புகிறோம் என எங்கள் வேதபாட வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். இது சரியான விளக்கமா?

பதில்: சரியன்று. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547 ஜனவரி 13 அன்று நீதிமானாக்கப்படுதலைப் பற்றி 16 அதிகாரங்களும் 33 விதிகளும் கொண்ட தீர்மானத்தை வெளியிட்டது. அதன் முதல் விதியே, கிறிஸ்துவின் மூலமாக வரும் கிருபையின்றி ஒருவன் தன் சொந்தச் செயல்களால் தேவனுக்கு முன்பாக நீதிமானாக முடியும் என்று சொல்பவரைச் சபைநீக்கம் செய்கிறது. அதற்கும் மிக முன்பே, மனிதன் தன் முயற்சியால் நியாயப்பிரமாணத்தை நிறைவேற்ற முடியும் என்ற பெலேகியுவின் போதனை, அகுஸ்தீனுடைய நெடும் போராட்டத்தின் விளைவாக 418-இல் கார்த்தேஜ் சங்கத்தில் தள்ளப்பட்டது. இது இரு தரப்புக்கும் பொதுவான பூர்வீகச் சொத்து.

உண்மையான வேறுபாடு ‘நீதிமானாக்கப்படுதல்’ என்ற நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதில் உள்ள ‘ஆக்குதல்’ உள்ளான மாற்றத்தைக் குறிக்கிறதா, அல்லது நீதிபதி ஒருவர் குற்றமற்றவன் என்று தீர்ப்பளிப்பதைக் குறிக்கிறதா? மூலத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல்லில் நீதிமன்றத் தீர்ப்பின் பொருள் மேலோங்கி நிற்கிறது. இலத்தீன் சொல்லிலோ ‘செய்தல்’ என்ற பகுதி வெளிப்படையாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீர்திருத்தச் சபையார், தீர்ப்பு வேறு, அதைத் தொடர்ந்து வரும் பரிசுத்தமாகுதல் வேறு என்று பிரித்துச் சொல்வார்கள். கத்தோலிக்கர் இரண்டையும் ஒரே நிகழ்வாகக் காண்பார்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையார் நீதிமன்ற உருவகத்தைவிட நோய் தீர்க்கும் வைத்தியரின் உருவகத்தை விரும்புவார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையொப்பமிட்டு, நம் தகுதி எதனாலுமன்றிக் கிருபையினால் மட்டுமே நாம் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று சேர்ந்து அறிக்கையிட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும், 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. நற்செயலுக்குரிய பலன், சுயாதீனச் சித்தம் முதலிய இடங்களில் கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது. அதைச் சொல்லித்தருவதில் தவறில்லை, இல்லாததைச் சொல்லித்தரவேண்டாம்.

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், தகப்பனார் இறந்தபின் சொத்தைப் பிரித்தபோது, என் பொறுப்பில் இருந்த ஒரு வைப்புத்தொகையைத் தம்பிக்குச் சொல்லாமல் நானே எடுத்துக்கொண்டேன். பிறகு மனந்திரும்பினேன், தேவன் மன்னித்தார் என்ற நிச்சயம் உண்டு. நீங்கள் கிருபைக்குக் கீழ்ப்பட்டவர், பழையதைக் கிளறவேண்டாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். தம்பிக்கு இன்றுவரை தெரியாது. நான் என்ன செய்யவேண்டும்?

பதில்: திருப்பிக் கொடுங்கள்.

பெரியவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருப்பார். ஆனால் லூக்கா 19-ஆம் அதிகாரம் வேறுவிதமாகச் சொல்கிறது. வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவனாகிய சகேயு காட்டத்திமரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, “இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்கிறார் இயேசு. நிபந்தனை ஏதும் இல்லை. முதலில் பணத்தைத் திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் வந்தபின்புதான் சகேயு எழுந்துநின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்றும், அநியாயமாய் வாங்கியது எதுவானாலும் நாலத்தனையாய்ச் செலுத்துகிறேன் என்றும் சொல்கிறான். ‘செலுத்துகிறேன்’ என்ற நிகழ்காலத்தைக் கொண்டு, அவன் முன்பே அப்படிச் செய்துவந்தவன் என்று வாசிக்கும் அறிஞர்களும் உண்டு. அடுத்த வசனத்தில் இயேசு சொல்லும் ‘இன்றைக்கு’ அந்த வாசிப்புக்கு இடந்தருவதாக எனக்குத் தோன்றவில்லை.

நாலத்தனை என்ற அளவை அவன் எங்கிருந்து எடுத்தான்? ஆட்டைத் திருடிக் கொன்றவனோ விற்றவனோ ஒன்றுக்கு நான்கு கொடுக்கவேண்டும் என்பது யாத்திராகமம் 22:1. ஆனால் தன் குற்றத்தைத் தானே உணர்ந்து திருப்பிக் கொடுக்க முன்வருகிறவனுக்கு லேவியராகமம் 6:5 விதிப்பது முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. சட்டப்படி ஐந்தில் ஒரு பங்கோடு முடித்திருக்கக்கூடியவன் நான்கு மடங்கை எடுத்து வைத்தான். கிருபை நியாயப்பிரமாணத்தின் கணக்கைக் கிழித்துப்போட்டிருந்தால் அவன் ஒன்றும் கொடுத்திருக்கவேண்டியதில்லை. அந்த லேவியராகமப் பகுதியின் 2-ஆம் வசனத்தில், ஒருவன் வசத்தில் ஒப்புவிக்கப்பட்ட பொருள் என்று உங்கள் நிலைமையே பெயர்சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பதையும் பாருங்கள். உரியவனிடம் பொருளைச் சேர்ப்பதும், குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடாவைக் கொண்டுவருவதும் அங்கே ஒரே நாளுக்குரியவையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன.

நீங்கள் கொடுக்கப்போவது மன்னிப்பின் விலை ஆகாது. அது உங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பணம் தம்பியுடையது, மன்னிப்பினால் அது உங்களுடையதாக மாறிவிடவில்லை. தொகையை எழுதுங்கள், பதினெட்டு ஆண்டுகளில் அது என்னவாக வளர்ந்திருக்கும் என்பதை நேர்மையாகக் கணக்கிட்டு, அதோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேருங்கள், ஒரே தவணையில் முடியாது என்றால் எத்தனை தவணை என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். போனவுடன், தேவன் என்னை மன்னித்துவிட்டார் என்று தொடங்கவேண்டாம். அது உங்களுக்கு ஆறுதல், அவர் காதில் அது தப்பித்தலாகவே விழும். நடந்ததை முதலில் சொல்லுங்கள், தொகையை அடுத்துச் சொல்லுங்கள், மன்னிப்பைக் கடைசியில் கேளுங்கள். அவர் உடனே மன்னிக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோபப்பட அவருக்குக் காரணம் இருக்கிறது, நேரமும் வேண்டும்.

அநீதியை அனுபவித்தவர் உயிரோடில்லாமல், அவருக்கு உறவினரும் இல்லாதபோது தொகையை யாரிடம் சேர்ப்பது என்பதற்கும் எண்ணாகமம் 5:8-இல் விதி இருக்கிறது. உங்கள் தம்பி உயிரோடிருக்கிறார். அந்த வசனம் உங்களுக்குத் தேவைப்படாத இந்தக் காலத்திலேயே போய்வாருங்கள்.